40 தொடக்கப் பள்ளிகள், ஒரே நிதி: நீச்சலுக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவு, பணம் யார் கையில்?

வட்டாரக்கணக்கு (கேள்வி)

எங்கள் குழுவிடம் மூன்று ஆண்டுகளுக்கான நிதி இருக்கிறது. 40 தொடக்கப் பள்ளிகள், பள்ளிக்கு இரண்டு வகுப்புகள், வகுப்புக்கு 30 பேர். 9 வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் ஆண்டுக்கு 2,400 பேர். வட்டாரத்தில் 25 மீட்டர் குளங்கள் மூன்று. 28 பள்ளிகளிலிருந்து 20 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு குளத்துக்குப் போய்விடலாம். மீதி 12 பள்ளிகளுக்கு ஒரு வழிக்கே 35 நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

குழுவில் ஒரு தரப்பு, "மொத்தத்தை 40-ஆல் வகுத்துப் பள்ளிகளிடமே கொடுத்துவிடுவோம், நீச்சலோ பந்தோ அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறது. இன்னொரு தரப்பு எல்லாவற்றையும் மையமாக வாங்கச் சொல்கிறது. நீச்சலுக்கும் மற்ற விளையாட்டுக்கும் என்ன விகிதம் வைப்பது என்பதிலும் இழுபறி. இதை நடத்திய அனுபவமுள்ளவர்கள் கணக்கோடு சொன்னால் உதவும். "நீச்சல் முக்கியம்" என்பதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

---

குளக்கரை

சார், விகிதத்திலிருந்து தொடங்கினால் சண்டை முடியாது. குளத்தின் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை வகுப்புகள் தண்ணீரில் இறங்க முடியும் என்று தெரிந்துவிட்டால் நீச்சலுக்கான தொகை தானாக வந்து நிற்கும். மிச்சம்தான் மற்ற விளையாட்டுக்கு.

உங்கள் எண்ணிக்கையையே எடுத்துக்கொள்கிறேன். பொதுமக்கள் கூட்டம் குறைவாக இருக்கும் காலை 9:30 முதல் பிற்பகல் 2:30 வரை ஐந்து மணி நேரம். ஒரு வகுப்புக்குத் தண்ணீரில் 30 நிமிடம், உடை மாற்ற முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம், ஆக 50 நிமிடம். ஒரு குளத்தில் நாளுக்கு 6 வகுப்புகள், மூன்று குளங்களில் 18. வகுப்புகளுக்கிடையே இடைவெளியைச் சுருக்கி ஏழாவதைத் திணிக்கச் சிலர் பார்ப்பார்கள். முதல் வாரமே உடைமாற்றும் அறையில் இரண்டு வகுப்புகள் மோதும், தலை எண்ணுவது குழம்பும். விட்டுவிடுங்கள்.

அடுத்து, வாரத்துக்கு ஒருநாள் வைக்காதீர்கள். தினமும் ஒரு பாடம், நான்கு வாரம், மொத்தம் 20 பாடங்கள். ஐந்தாவது வாரத்தை விடுபட்டவர்களுக்காகவும் குளம் மூடிய நாட்களுக்காகவும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறை என்றால் தண்ணீர் பயம் ஒவ்வொரு வாரமும் புதிதாகத் திரும்பி வரும். பாதிப் பாடம் முகத்தைத் தண்ணீரில் வைக்கச் சொல்லிக் கெஞ்சுவதிலேயே போய்விடும்.

28 பள்ளிகள் என்றால் 56 வகுப்புகள். ஐந்து வாரச் சுற்றுக்கு 18 வகுப்புகள் என்றால் நான்கு சுற்றுகள், அதாவது 20 வாரம். 72 இடங்களில் 56 மட்டுமே நிரம்புகின்றன. ஆக, உங்களுக்குக் குளம் போதவில்லை என்ற பிரச்சினையே இல்லை. நெருக்கடி வரப்போவது ஆட்களாலும் பஸ்ஸாலும்.

ஆட்கள்: 30 பிள்ளைகளுக்கு 4 பயிற்றுநர்கள், தலைக்கு 7 அல்லது 8 பேர். உயிர்காப்பாளர் தனி. பாடம் நடத்துபவரே காவலும் பார்ப்பது கூடாது, ஏனென்றால் ஒரு பிள்ளையின் காலைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருப்பவர் மற்ற ஏழு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருப்பார். ஐந்து மணி நேரம் ஒருவரே உட்கார்ந்து தண்ணீரை வெறித்துப் பார்த்தால் கண் பார்க்கும், மனம் பார்க்காது. ஆகவே குளத்துக்கு இரண்டு உயிர்காப்பாளர்கள், மாறி மாறி. மூன்று குளங்களுக்கு 12 பயிற்றுநர்கள், 6 உயிர்காப்பாளர்கள். பயிற்றுநருக்குப் பாடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்காமல் முழு ஷிப்டுக்கும் கொடுங்கள். இடையிடையே அரை மணி நேர வேலைக்கு வருபவர் இரண்டாவது மாதமே வேறு இடம் பார்த்துக்கொள்வார்.

பஸ்: ஒரு வகுப்பை இறக்கி, முந்தைய வகுப்பை ஏற்றி, அவர்கள் பள்ளியில் விட்டு, பக்கத்துப் பள்ளியில் அடுத்த வகுப்பை ஏற்றி 50 நிமிடத்துக்குள் திரும்ப முடிந்தால் குளத்துக்கு ஒரு பஸ் போதும். ஒரு வழிக்கு 20 நிமிடம் என்பது இதன் எல்லை. அதைத் தாண்டினால் குளத்துக்கு இரண்டு பஸ், வாடகை இரட்டிப்பு. அதனால் பள்ளிகளை அகர வரிசையில் அல்லாமல் சாலை வரிசையில் அடுக்குங்கள். அடுத்தடுத்த இடங்களில் அக்கம்பக்கப் பள்ளிகள் வர வேண்டும்.

பத்து நிமிடத்தில் உடை மாற்ற வைப்பதற்கு ஒரே வழி, நீச்சலுடையைச் சீருடைக்குள் போட்டுக்கொண்டு வரச் சொல்வது. மாற்று உள்ளாடை கொண்டுவர மறப்பவர்கள் தினம் இரண்டு பேராவது இருப்பார்கள். அதற்கும் ஒரு பெட்டி வையுங்கள்.

---

தணிக்கை மேசை

குளக்கரை சொன்ன அட்டவணையைப் பள்ளிகள் தனித்தனியாகப் போடவே முடியாது. 40 தலைமையாசிரியர்கள் ஒரே குளத்துக்கு ஒரே செவ்வாய்க்கிழமை 10 மணிக்குத் தனித்தனியாகப் பேரம் பேசுவார்கள். எனவே நீச்சலை மையமாக வாங்குங்கள். விளையாட்டுப் பணத்தைப் பள்ளிகளிடம் கொடுங்கள். இரண்டுக்கும் தனித் தனிக் கணக்கு.

பள்ளிக்குப் போகும் பணத்தை 40-ஆல் வகுக்காதீர்கள். உங்கள் பள்ளிகள் இப்போது ஒரே அளவில் இருக்கலாம். சேர்க்கை மாறினால் சின்னப் பள்ளிக்குத் தலைக்கு அதிகமும் பெரிய பள்ளிக்குக் குறைவும் போய்ச் சேரும். முழுக்கத் தலைக்கணக்கில் கொடுத்தாலும் தப்பு, 40 பிள்ளைகள் உள்ள பள்ளியும் ஒரு செட் வலையும் கம்பமும் வாங்கித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தில் 2013 முதல் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுக்கப்படும் விளையாட்டு மானியத்தில் ஒரு நிலையான தொகையும் அதன்மேல் தலைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையும் சேர்ந்திருக்கும். அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அங்கே இன்னொரு நல்ல விதியும் உண்டு. பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் நீச்சல் வகுப்புக்கு அந்த மானியத்தைத் தொடக்கூடாது. அந்த வகுப்பு முடிந்தும் தேறாதவர்களின் கூடுதல் பயிற்சிக்கு மட்டும் செலவிடலாம்.

அந்த விதி ஏன் தேவை என்றால், வெளிப்பணம் வந்ததும் பள்ளி தன் சொந்தப் பணத்தை எடுத்துக் கூரைக்குப் போட்டுவிடும். பிள்ளைக்குக் கிடைப்பதில் எந்த மாற்றமும் இருக்காது. இதைத் தடுக்க, முதல் தவணைக்கு முன்பே ஒவ்வொரு பள்ளியிடமும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: சென்ற ஆண்டு உடற்கல்விக்கு எத்தனை பீரியட், யார் நடத்தினார், எவ்வளவு செலவு. அடுத்த ஆண்டு அதற்குக் கீழே இறங்கினால் இரண்டாம் தவணை நிற்கும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

குளத்துடனான ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் கட்டாயம். குளம் மூடினால் பணம் திரும்ப வேண்டாம், அதே அளவு நேரம் ஐந்தாவது வாரத்தில் வேண்டும். பள்ளி 48 மணி நேரத்துக்கு முன் சொல்லி ரத்து செய்தால் அந்த இடம் வேறு பள்ளிக்குப் போகும். சொல்லாமல் வராவிட்டால் பள்ளியின் விளையாட்டுக் கணக்கிலிருந்து கழியும். மூன்றாவது வரி இல்லாவிட்டால் தேர்வு வாரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள்.

வராத பிள்ளைக்கும் செலவு ஆகிறது என்பதைக் குழுவுக்குப் புரியவைக்க இந்தக் கணக்கைக் காட்டுங்கள். குளம், பயிற்றுநர், காவல், பஸ் எல்லாம் வகுப்புக்கு என்று நிலையான செலவு. 30 பேருக்குப் பதில் 22 பேர் வந்தால் தலைக்குச் செலவு 36 சதவீதம் ஏறுகிறது. தள்ளுபடி கேட்டுக் குள நிர்வாகத்திடம் மாதக்கணக்கில் பேசுவதைவிட வருகையைச் சரிசெய்வது லாபம்.

அறிக்கையில் வகுத்தி எது என்பதைக் கவனியுங்கள். 60 பேர் பதிவேட்டில், 44 பேர் வந்தார்கள், 33 பேர் தேறினார்கள். வந்தவர்களில் பார்த்தால் 75 சதவீதம், பதிவேட்டில் பார்த்தால் 55. எல்லோரும் 75-ஐத்தான் எழுதுவார்கள். பதிவேட்டு எண்ணைத்தான் கேட்க வேண்டும். வராத 16 பேர்தான் பெரும்பாலும் தண்ணீரே பார்த்திராதவர்கள்.

---

வட்டாரக்கணக்கு

நன்றி, இரண்டும் தெளிவு. தேறினார் என்பதை எப்படி அளப்பது? 25 மீட்டர் போதுமா? தேர்ச்சிக்கு ஏற்பப் பயிற்றுநர் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனையும் வந்திருக்கிறது. அந்த 12 தொலைதூரப் பள்ளிகளுக்கு நகரும் குளம் (பிரித்து எடுத்து வேறிடத்தில் பொருத்தும் குளம்) பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

குளக்கரை

25 மீட்டர் மட்டும் போதாது. சுவரைத் தள்ளி விட்டு, மூச்சை அடக்கி, தத்தளித்து மறுமுனை சேரும் பிள்ளை ஆழத்தில் தவறி விழுந்தால் அந்த நீச்சல் உதவாது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் நீர்த்திறன் வரிசை நடைமுறைக்கு ஒத்துவருவது: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து மேலே வருவது, ஒரு நிமிடம் மிதப்பது அல்லது நின்ற இடத்திலேயே கால் அடித்து நிற்பது, ஒரு முழுச் சுற்றுத் திரும்பி வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அங்கே வரை நீந்துவது (அவர்கள் 25 கெஜம் என்கிறார்கள்), ஏணி இல்லாமல் ஏறுவது. ஐந்தும் ஒரே தொடராக, இடையில் ஓய்வில்லாமல். இதோடு, மூழ்குபவரைப் பார்த்தால் தானும் குதிக்காமல் கத்தி அழைப்பது, கம்போ துணியோ நீட்டுவது, மிதக்கும் பொருளை எறிவது. இதைத் தரையிலேயே கற்றுக்கொடுக்கலாம்.

சோதிப்பவர் அந்த வகுப்பின் பயிற்றுநராக இருக்கக் கூடாது. அடுத்த குளத்தின் பயிற்றுநரை மாற்றி அனுப்பினால் தனிச் செலவும் இல்லை. முதல் நாளும் இதே சோதனையை எளிய வடிவில் வையுங்கள். ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று தெரியாமல் கடைசி எண்ணைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை.

தேர்ச்சிக்குப் பணம் என்பதற்கு நான் எதிர். பணம் அங்கே போனால் கவனம் முழுக்கத் தேறப் போகிறவர்கள் மேலேயே விழும். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் பிள்ளை நான்கு வாரமும் அங்கேயே நிற்கும்.

---

தணிக்கை மேசை

எதிர்ப்பு புரிகிறது, ஆனால் முழுக்க நிலையான தொகை கொடுத்தால் 30 நிமிடப் பாடம் 20 நிமிடமாகச் சுருங்குவதையும் யாரும் கேட்க மாட்டார்கள். நடுவழி: பெரும்பகுதி நடத்திய பாடங்களுக்கு, ஒரு சிறு பகுதி, முதல்நாள் நிலையிலிருந்து ஒரு படியாவது மேலேறிய ஒவ்வொரு பிள்ளைக்கும். ஓரத்தைப் பிடித்திருந்தவர் கையை விட்டு மிதந்தால் அதுவும் ஒரு படி. அப்போது பயந்த பிள்ளையும் நிறுவனத்துக்கு வருமானம்தான்.

---

குளக்கரை

படிக்கணக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். முதல்நாள் நிலையையும் வெளியாள்தான் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்கியதாக எழுதிவிடுவார்கள்.

---

வடிகட்டி

நகரும் குளம் பற்றி. 12 பள்ளிகள், 24 வகுப்புகள். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 0.9 மீட்டர் தண்ணீர் என்று, சட்டங்களைப் பூட்டி நிறுத்தும் ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு சுமார் 65,000 லிட்டர். அதாவது 65 டன். சதுர மீட்டருக்கு 900 கிலோ. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: கீழே தண்ணீர்த் தொட்டியோ கழிவுநீர்த் தொட்டியோ உள்ள தளத்தின் மேல் வைக்கவே கூடாது. கெட்டியான, சமமான மண் அல்லது தரைத்தளக் கான்கிரீட். ஒரு முனையில் 3 சென்டிமீட்டர் சரிவு இருந்தாலும் தண்ணீரின் பாரம் ஒரு பக்கச் சட்டத்தைத் தள்ளும்.

மணிக்கு 2,000 லிட்டர் வரும் குழாயில் நிரப்ப 32 மணி நேரத்துக்கு மேல். பொருத்த இரண்டு நாள், நிரப்ப ஒன்றரை முதல் இரண்டு நாள், வடிகட்டி ஓட்டிப் பார்த்துத் தண்ணீரைச் சோதிக்க ஒரு நாள். ஒரு வாரம் போய்விட்டது என்று கணக்கு வையுங்கள். நான்கு வாரப் பாடம், ஒரு வாரம் விடுபட்டவர்களுக்கும் பிரித்து எடுப்பதற்கும். ஆக, ஓரிடத்துக்கு ஆறு வாரம்.

72 சதுர மீட்டரில் 30 பேரை இறக்காதீர்கள். 15 பேர், 2 பயிற்றுநர்கள், ஒரு உயிர்காப்பாளர். மீதி 15 பேர் பக்கத்து மைதானத்தில் பந்தோடு. அரை மணியில் இடம் மாற்றம். நீச்சல் பீரியடும் விளையாட்டுப் பீரியடும் ஒரே மணி நேரத்தில் முடிகிறது, பஸ் கிடையாது. ஐந்து மணி நேரத்தில் 5 வகுப்புகள். ஐந்து இடங்களில் வைத்தால் 24 வகுப்புகளும் முடியும், ஒரு இடம் மிச்சம். மொத்தம் 30 வாரம். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு மூன்று பள்ளிகள் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்தால்தான் இது பொருந்தும். தனித்து நிற்கும் பள்ளிக்குப் பஸ்ஸே மலிவு.

தண்ணீர்ப் பராமரிப்பில்தான் இந்தத் திட்டங்கள் சாகின்றன. மொத்தத் தண்ணீரும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டி வழியே போக வேண்டும், அதற்கு மணிக்கு 16,000 லிட்டர் தள்ளும் பம்ப் தேவை. குளத்தோடு சேர்த்து விற்கும் சின்ன பம்ப் வீட்டு உபயோகத்துக்கானது. கட்டற்ற குளோரின் (கிருமியைக் கொல்லத் தண்ணீரில் மிச்சமிருப்பது) 1 முதல் 3 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 1 முதல் 3 பங்கு. பி.எச். (அமில-கார அளவு) 7.2 முதல் 7.8. இந்தக் குளத்தில் குளோரினை 1 பி.பி.எம். ஏற்ற, 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் 100 கிராம் போதும். வாளித் தண்ணீரில் கரைத்து, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் ஊற்றி, சுற்றவிட்டு, மறுபடி அளந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். பி.எச். 8-ஐத் தொட்டால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. "நிறைய போட்டோமே" என்பார்கள், தண்ணீர் கலங்கியிருக்கும். ஹைப்போகுளோரைட்டை அமிலத்தோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு. வேறு வகைக் குளோரின் மாத்திரைகளோடு அதைக் கலந்தால் வெடிக்கக்கூடும்.

குளத்தில் மலம் கலந்தால் என்ன செய்வது என்பதை எழுதி ஒட்டுங்கள். கெட்டியாக இருந்தால் எல்லோரையும் வெளியேற்றி, அள்ளி எடுத்து, பி.எச். 7.5 அல்லது அதற்குக் கீழே வைத்து, 2 பி.பி.எம். குளோரினை 25 நிமிடம் நிறுத்தினால் மறுபடி திறக்கலாம். வயிற்றுப்போக்கு என்றால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரினை எளிதில் சட்டை செய்யாது, 20 பி.பி.எம். அளவில் 12.75 மணி நேரம் வேண்டும். அன்றைய பாடம் போனது போனதுதான். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையை அனுப்பாதீர்கள் என்று பெற்றோருக்கு எழுதும் ஒரு வரி எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று பாருங்கள்.

சூடு: 28 முதல் 30 டிகிரி. அதற்குக் கீழே மெலிந்த பிள்ளைகள் 15 நிமிடத்தில் உதடு நீலமாகி நடுங்குவார்கள். மிச்சப் பாதிப் பாடம் வீண். இரவில் மூடி போடுங்கள், சூடு பெரும்பாலும் ஆவியாகித்தான் போகிறது. பிரித்தெடுக்கும்போது குளோரின் பூஜ்யமாகும் வரை விட்டு, அளந்து பார்த்து வெளியேற்றுங்கள். ஓடையில் நேராக விட்டால் மீன் செத்து மிதக்கும்.

0.9 மீட்டரில் ஆழத் தண்ணீர்ச் சோதனை செய்ய முடியாது. அதற்கு ஐந்தாவது வாரத்தில் ஒரே ஒரு நாள் பெரிய குளத்துக்குப் பஸ் வையுங்கள்.

---

பி.டி. பீரியட்

எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள், நான் கொஞ்சம் தரைக்கு வருகிறேன்.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையான உடலுழைப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நான்கு வார நீச்சல் இதை எட்டாது, ஆண்டு முழுதும் ஓடும் பீரியட்தான் எட்டும். அந்தப் பீரியடில் பிள்ளை எத்தனை நிமிடம் அசைகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். பத்துப் பேர் வரிசையில் நின்று ஒருவர் 20 வினாடி ஓடினால், 200 வினாடிக்கு ஒருமுறைதான் ஒரு பிள்ளைக்கு வாய்ப்பு. இதற்கு வேண்டியது கோல் கம்பமோ பெயர் பொறித்த சீருடையோ கிடையாது, பந்து. இருவருக்கு ஒரு பந்து, 30 பேருக்கு 15. கால்பந்தில் 8 முதல் 12 வயதுக்கு 4-ஆம் எண். கூடைப்பந்தில் 5-ஆம் எண் பந்தும் 2.60 மீட்டர் உயர வளையமும். பெரியவர்களின் 3.05 மீட்டர் வளையத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை பந்தை இடுப்பிலிருந்து வீசி எறியத்தான் பழகும். காற்றடிக்கும் பம்பும் இரண்டு டஜன் ஊசிகளும் சேர்த்து வாங்குங்கள். ஊசி உடைந்ததால் மூலையில் கிடக்கும் பந்துகளை எண்ணினாலே ஒரு பட்ஜெட் வரும்.

வெளிப் பயிற்சியாளரை அமர்த்தினால், வகுப்பாசிரியர் மைதானத்தில் உடன் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நேரத்தில் ஓய்வறையில் நோட்டுத் திருத்தினால், மூன்றாம் ஆண்டு பயிற்சியாளர் போனதும் பள்ளியில் எதுவும் மிஞ்சாது.

வட்டாரப் போட்டிக்குப் பணம் ஒதுக்கும்போது வெளியேற்று முறையை (தோற்றால் அதோடு வெளியே) தவிருங்கள். 16 அணிகளில் 8 அணிகள் ஒரே ஆட்டத்தோடு பஸ் ஏறிவிடும். பஸ் செலவு மட்டும் அதேதான். நான்கு நான்காகப் பிரித்து எல்லோரும் எல்லோரோடும் ஆடினால் 24 ஆட்டங்கள், ஒவ்வொரு அணிக்கும் மூன்று. நான்கு சின்ன ஆடுகளங்கள், 10 நிமிட ஆட்டம், 5 நிமிட இடைவெளி என்றால் 90 நிமிடத்தில் முடியும். ஆளுக்கு ஆள் மாற்றி எல்லோரையும் இறக்க வேண்டும் என்றும் விதி வையுங்கள், இல்லாவிட்டால் நல்லா ஆடுற ஏழு பேருக்கே வட்டார நிதி முழுதும் போகும்.

---

தணிக்கை மேசை

நிதி கேட்கும் கடிதத்தில் ஒரு எச்சரிக்கை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி 2021-இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்ட கால் பங்கு ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்தக் குழந்தைகளுக்கு உங்கள் பள்ளி நீச்சல் பதில் ஆகாது. அங்கே வேலியும் கண்காணிப்பும் பகல்நேரக் காப்பகமும்தான் தேவை. அந்த நிறுவனமும் நீச்சல் கற்பிக்கச் சொல்வது ஆறு வயதுக்கு மேல். பங்களாதேஷில் கிராமக் குளங்களில் மூங்கில் மேடை கட்டி, ஊர்க்காரர்களையே பயிற்றுநராக்கி நடத்திய திட்டத்தில் கற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2012-இல் ஆய்வு வந்தது. அதைக் காட்டலாம். மொத்த எண்ணையும் காட்டி "இதைத் தடுப்போம்" என்று எழுதாதீர்கள், கேள்வி வரும்.

---

வட்டாரக்கணக்கு

28 பள்ளிகளுக்கு மையமாகக் குளம், 12-க்கு நகரும் குளம், விளையாட்டு நிதி நிலையான தொகையும் தலைக்கணக்குமாகப் பள்ளிகளுக்கு. இந்த வடிவத்தைக் குழுவில் வைக்கிறேன். கடைசியாக ஒன்று: பெண் பிள்ளைகள் பலர் வர மாட்டார்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டுமே.

---

குளக்கரை

வர மாட்டார்கள் என்று ஆசிரியர் சொன்னதை நம்பி இடத்தைக் குறைக்காதீர்கள். முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையைத் திட்டமே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மூன்று அளவுகளில். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த துணி. பருத்தி வேண்டாம், நனைந்ததும் கனத்துக் கீழே இழுக்கும். குளத்துக்கு நாலில் இரண்டு பயிற்றுநராவது பெண்களாக இருக்கட்டும். பள்ளி நேரத்தில் பொதுமக்களை உள்ளே விடக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், உடைமாற்றும் அறையில் யாருக்கும் கைப்பேசி கூடாது என்பதையும். முதல் பாடத்துக்கு முன் அம்மாக்களைக் கரைக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தனி உதவி வேண்டிய பிள்ளைக்கு ஒருவருக்கு ஒருவர் என்று தண்ணீரிலேயே ஆள். இந்தச் செலவைப் பள்ளி தலையில் போடாமல் மைய நிதியில் தனி வரியாக வையுங்கள், இல்லாவிட்டால் பள்ளி அந்தப் பிள்ளையை மெல்ல விட்டுவிடும். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் உயிர்காப்பாளருக்குப் பெயரும் முகமும் தெரிந்திருக்க வேண்டும். தொப்பி நிறமும் வேறாக இருக்கட்டும். மற்றவர்களுக்கும் தொப்பி நிறத்தை நிலைவாரியாகக் கொடுங்கள், சிவப்புத் தொப்பி ஆழப் பக்கம் நகர்ந்தால் கரையில் இருப்பவருக்கு உடனே தெரியும்.

தலை எண்ணுவது பஸ்ஸில் ஏறும்போது, உடைமாற்றும் அறைக்குள், தண்ணீருக்கு முன், தண்ணீருக்குப் பின், மறுபடி பஸ்ஸில். ஐந்து முறையும் ஒரே ஆள், ஒரே தாள்.